கூட்டல் குறி, கழித்தல் குறி

பெங்களூரில் தமிழ் பேசும் தொழிலாளர்கள் படிக்கும் ஒரு மாலை வகுப்பில், மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர் பேசியது.

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஸ்பேனர் பிடித்துத்தான் பழக்கம். டீச்சர் அம்மா கூப்பிட்டார்கள். "இங்கே பாதிப் பேர் வீட்டில் வண்டி இருக்கிறது. வண்டியைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். எதைச் சொல்வது? யோசித்துக்கொண்டே வந்தேன். வாசலிலேயே விடை கிடைத்துவிட்டது.

நம் இட்லிக்கடை அக்காவும் அவர் மகனும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான்கு நாளாக வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையாம். பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. அக்கா விடிகாலை 5 மணிக்கு இட்லிப் பானையோடு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நான்கு நாளாக ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார். விற்ற இட்லியில் பாதி ஆட்டோவுக்கே போய்விடுகிறது என்கிறார்.

ஒரு கடையில் காட்டினாராம். பேட்டரி போய்விட்டது, புதிது போடு, ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னார்களாம். அக்கா என்னைக் கேட்டார்: "தம்பி, நிஜமாகவே போய்விட்டதா?"

நல்ல கேள்வி. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

வகுப்பு தொடங்கும் முன்பு மீட்டர் வைத்து அளந்தேன். 11.9 வோல்ட் காட்டியது. நன்றாக இருக்கும் பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போனால் பேட்டரி பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். பட்டினி கிடப்பதும் செத்துப்போவதும் ஒன்றா? இல்லை அல்லவா? அக்காவை விசாரித்தேன். ஊரில் கல்யாணம், மூன்று வாரம் வண்டி அப்படியே நின்றது என்றார். அதுதான் காரணமாக இருக்கலாம். சாப்பாடு கொடுத்துப் பார்க்காமலே குப்பையில் போடக் கூடாது.

பேட்டரிக்குச் சாப்பாடு கொடுப்பதைத்தான் சார்ஜ் செய்வது என்கிறோம்.

அதற்கு முதலில் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். இதில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். நானும் தப்புச் செய்தவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பேட்டரி எங்கே இருக்கும்? சில வண்டியில் சீட்டுக்குக் கீழே. சில வண்டியில் பக்கத்து மூடிக்கு உள்ளே. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஆனால் தூக்கினால் கனமாக இருக்கும். உள்ளே ஈயத் தகடுகள் இருக்கின்றன. அவை கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் நனைந்திருக்கின்றன. நாம் ஆசிட் என்கிறோமே, அதுதான். உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் கொடுக்கும். ஆறு இரண்டு எத்தனை? 12. அதனால்தான் மேலே 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள வாய்பாடுதான். வேறொன்றும் இல்லை.

பெட்டியின் மேல் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் கூட்டல் குறி. இன்னொன்றின் பக்கத்தில் கழித்தல் குறி. இரண்டும் உங்களுக்குத் தெரியும். போன மாதம்தான் படித்தீர்கள்.

ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கூட்டல் பக்கம் பெரும்பாலும் சிவப்பு ஒயர். கழித்தல் பக்கம் கறுப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சில கம்பெனி வண்டியில் அது பச்சை. இன்னும் சிலவற்றில் கோடு போட்ட ஒயர். யாராவது ஒயரை மாற்றிப் போட்டிருந்தால் எந்த நிறமும் இருக்கலாம். குறியைப் பாருங்கள். அழுக்காக இருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது கழற்றுவோம். வண்டி ஓடக் கூடாது. சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கையில் மோதிரம், வாட்ச், உலோக வளையல் இருந்தால் கழற்றி வையுங்கள். அக்கா, தாலிச் சங்கிலியைப் புடவைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். குனியும்போது தொங்கி, ஒரு பக்கம் கூட்டல் முனையிலும் மறுபக்கம் வண்டி இரும்பிலும் பட்டால், சங்கிலி நொடியில் சூடேறிக் கழுத்தைச் சுட்டுவிடும். பேட்டரி சின்னதுதானே, ஷாக் அடிக்காதே என்று நினைக்காதீர்கள். ஷாக் அடிக்காது. ஆனால் சுடும்.

எந்த முனையை முதலில் கழற்றுவது?

கழித்தல் முனையைத்தான். எப்போதும் கழித்தல் முதலில்.

ஏன் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தால் மறக்காது. வண்டியின் இரும்பு உடம்பு முழுவதும் கழித்தல் முனையோடு சேர்ந்திருக்கிறது. நீங்கள் முதலில் கூட்டல் முனையைக் கழற்றப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஸ்பேனர் கூட்டல் முனையில் இருக்கிறது. இடம் குறுகலானது. ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் இரும்பில் படுகிறது. அவ்வளவுதான்! கூட்டலும் கழித்தலும் நேராகச் சேர்ந்துவிட்டன. பொறி பறக்கும். ஸ்பேனர் ஒட்டிக்கொள்ளும். மேலே பெட்ரோல் டாங்க் இருப்பதை மறக்காதீர்கள்.

கழித்தலை முதலில் கழற்றினால்? வண்டி இரும்புக்கும் பேட்டரிக்கும் உறவு அறுந்துவிட்டது. பிறகு கூட்டல் முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் எந்த இரும்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

திரும்ப மாட்டும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில். வீட்டுக்குள் கடைசியாக வந்தவர்தான் முதலில் வெளியே போவார் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். பெரும்பாலான பேட்டரிகளில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் சேரும். நட்சத்திரத் திருப்புளியும் போதும். திருகின் அடியில் சின்னதாக ஒரு சதுர நட்டு இருக்கும். திருகைக் கழற்றியதும் அது நழுவி விழுந்துவிடும். வண்டிக்குள் விழுந்தால் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். கீழே ஒரு துணியை விரித்து வையுங்கள். கழற்றிய திருகையும் நட்டையும் ஒரு மூடியில் போட்டு வையுங்கள். என் கடைப் பையனுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

பழைய மாதிரி பேட்டரியில் பக்கத்தில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும். உள்ளே உண்டாகும் காற்று வெளியே போகும் வழி அது. கழற்றும்போது அது எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே வழியில் விடுங்கள். அது மடங்கக் கூடாது, நசுங்கக் கூடாது, செயின் மேல் சொட்டக் கூடாது. சிலர் "இது எதற்கு?" என்று அறுத்து எறிவார்கள். சிலர் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். முடிச்சுப் போட்டால் பேட்டரிக்கு மூச்சு முட்டும். உப்பி வெடித்துவிடும்.

அந்தக் காற்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். என் கதையும் அதுதான்.

நான் பிறந்தது தங்கவயல். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பே நான் வேலை தேடி பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டேன். வயது 17. ஒரு மெக்கானிக் கடையில் எடுபிடி வேலை. பள்ளிக்கூடம் போனதே இல்லை. என் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. அங்கே இரவெல்லாம் பேட்டரிகள் சார்ஜ் ஆகும். சுவரில் ஒரு அட்டை தொங்கியது. கன்னடத்தில் ஒரு வரி. தமிழில் ஒரு வரி. தினமும் அதைப் பார்ப்பேன். கடையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இரவு கரண்ட் போய்த் திரும்பி வந்தது. சார்ஜர் ஓடியது. ஆனால் அறை பல்பு எரியவில்லை. மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தார். பேட்டரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். மூடியைத் திறந்தேன். இருட்டு. தீக்குச்சியைக் கிழித்துப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அது மட்டும்தான் தெரியும். முகமெல்லாம் எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிரே டீக்கடை அக்கா கடையை மூடிக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. என்னை உட்காரவைத்து, இமையை விரலால் பிரித்து, குடத்துத் தண்ணீரை ஊற்றினார். குடம் தீர்ந்தது. இன்னொரு குடம். பிறகு அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. நிறுத்தவே இல்லை. பிறகுதான் ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் சொன்னார், "தண்ணீர் ஊற்றியதால் வலது கண் முழுசாகப் பிழைத்தது." இடது கண்ணில் இன்றைக்கும் எனக்குப் பனி மூட்டம் மாதிரிதான் தெரியும். உங்களில் சிலர் இதைக் கவனித்திருப்பீர்கள். கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள்.

சுவரில் தொங்கிய அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மேஸ்திரியைக் கேட்டேன். "தீ கூடாது" என்று படித்துக் காட்டினார். ஒரு எழுத்து, மூன்று எழுத்து வார்த்தைகள். இரண்டு வருடம் கழித்து இரவு வகுப்பில் சேர்ந்தபோது நான் முதலில் எழுதிக் காட்டச் சொன்ன வார்த்தைகள் அவைதான்.

என்ன நடந்தது என்று பிறகு புரிந்தது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது, முக்கியமாக நிறையும் நேரத்தில், உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து இரண்டு காற்றாக மாறுகிறது. ஒன்று ஹைட்ரஜன். இன்னொன்று ஆக்சிஜன். ஹைட்ரஜனுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

அதனால் சார்ஜ் செய்யும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். வராந்தா நல்லது. படுக்கும் அறை கூடாது. அடுப்பு, விளக்கு, சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. பீடி பிடிக்கும் அண்ணன்மார்கள் தள்ளிப் போய்ப் பிடிக்க வேண்டும். தண்ணீர் அளவைப் பார்க்க மூடியைத் திறக்கவே வேண்டாம். அந்த மாதிரி பேட்டரியின் உடம்பு வெளுப்பாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் அளவு தெரியும்.

ஆசிட் கண்ணில் பட்டால் என்ன செய்வது? தண்ணீர். வேறு எதுவும் இல்லை. கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு 20 நிமிடமாவது நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரி. தாய்ப்பால், எண்ணெய், சோடா எதையும் கண்ணில் விடாதீர்கள். வண்டி மேலோ தரையிலோ சிந்தினால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அது இரும்புக்கும் தரைக்கும்தான்.

சரி, சார்ஜருக்கு வருவோம்.

பேட்டரியில் 12 வோல்ட் என்று படித்தோம். பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அக்காவின் பேட்டரியில் 5 ஆம்பியர் மணி என்று இருக்கிறது. சில பழைய வண்டிகளில் 2.5 இருக்கும். பெரிய வண்டிகளில் 8, 9, 14 கூட இருக்கும். அது பேட்டரியின் வயிறு எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்.

அந்த எண்ணைப் பத்தால் வகுங்கள். 5-ஐப் பத்தால் வகுத்தால் 0.5. அதாவது அரை ஆம்பியர். அவ்வளவு மெதுவாகத்தான் சார்ஜ் கொடுக்க வேண்டும். இப்படிக் கொடுத்தால் காலியான பேட்டரி நிறைய பத்து மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகும்.

சில இடங்களில் கார் பேட்டரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரில் இதை மாட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் 'ரெடி' என்று கொடுப்பார்கள். வண்டியும் ஸ்டார்ட் ஆகும். நாமும் சந்தோஷமாகக் காசு கொடுப்போம். பாலாடையில் பால் ஊட்ட வேண்டிய குழந்தைக்குச் சொம்போடு ஊற்றினால் என்ன ஆகும்? பேட்டரி கொதித்து, உள்ளே தகடு வளைந்து, சில வாரத்தில் நிஜமாகவே செத்துப்போகும். அவசரப்படுகிற வாடிக்கையாளர் மேலும் தப்பு இருக்கிறது. "பத்து மணி நேரமா!" என்று என்னிடமே சண்டை போடுவார்கள்.

சார்ஜரை மாட்டும் முறை இது. முதலில் சார்ஜர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கிளிப் கூட்டல் முனையில். கறுப்புக் கிளிப் கழித்தல் முனையில். இருமுறை பாருங்கள். அதன் பிறகுதான் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகு கிளிப். சுவிட்ச் ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கினால் பொறி வரும். காற்று நிறைந்திருக்கும் நேரத்தில் பொறி வந்தால் என்ன ஆகும் என்று என் கண் சொல்லும். பேட்டரி கை வைக்க முடியாத அளவு சூடானால் உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் மூடிய பேட்டரிதான். அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. மேல் மூடியை நெம்பித் திறக்கக் கூடாது. அதற்கு, நிறைந்ததும் தானாகவே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் நல்லது. பழைய மாதிரி பேட்டரியில்தான் ஆறு மூடிகள் இருக்கும். பக்கத்தில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு கோடு இருக்கும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

குறைந்தால் எதை ஊற்றுவது? கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது தகட்டைக் கெடுக்கும். சிலர் "பவர் குறைந்துவிட்டது, ஆசிட் ஊற்று" என்பார்கள். அது தப்பு. அக்காவுக்கு இது சட்டென்று புரியும். சாம்பார் கொதித்து வற்றினால் போனது எது? தண்ணீர்தான். உப்பு உள்ளேயே இருக்கிறது. மறுபடி உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியுமா? பேட்டரியிலும் போவது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

மிச்சமான ஆசிட்டையோ பேட்டரித் தண்ணீரையோ குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

ஏன் முன்பெல்லாம் பேட்டரி செத்தாலும் வண்டி ஓடியது, இப்போது ஓடவில்லை என்று அந்த ஓரத்தில் ஒரு அண்ணன் கேட்கிறார். முன்பு உதைத்தே ஸ்டார்ட் செய்தோம். 2017 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளில் முன் விளக்கு பகலிலும் எரிகிறது. 2020 ஏப்ரலில் புகை விதி மாறியது. அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலைச் செலுத்துவதே மின்சாரத்தில் ஓடும் பம்புதான். பல வண்டிகளில் உதைக்கும் கம்பியே கிடையாது. அதனால் பேட்டரியை முன்பைவிட நன்றாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட நாள் ஊருக்குப் போனால் கழித்தல் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். காலியான பேட்டரியை அப்படியே மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தகட்டில் வெள்ளையாக உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் ஏறாது.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தாலும் மின்சாரம் சரியாகப் போகாது. பேட்டரி நன்றாக இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோடாத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

சார்ஜ் செய்தும் பேட்டரி தேறவில்லை என்றால்? அப்போது புதிது வாங்கத்தான் வேண்டும். பழையதைத் தெருவில் போடாதீர்கள். வீட்டில் உடைக்கவும் விடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். அதன் தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். அதற்கு விலை உண்டு. பில்லில் அந்தத் தொகையைக் கழித்திருக்கிறார்களா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

அக்கா, உங்கள் பேட்டரிக்கு வருவோம். இன்றிரவு இதை என் கடையில் அரை ஆம்பியரில் போடுகிறேன். நாளைக் காலை மட்டும் ஆட்டோவில் போய்விடுங்கள். காலையில் சார்ஜரை எடுத்துவிட்டுச் சும்மா வைப்பேன். எடுத்த உடனே அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். மாலையில் இதே இடத்தில் எல்லோரும் பார்க்க அளப்போம். 12.6-க்கு மேல் நின்றால் பாதி நம்பிக்கை. பிறகு வண்டியில் மாட்டி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஸ்டார்ட் பட்டனை அழுத்துவோம். எண் 10-க்கு மேலேயே நின்றால் உங்கள் ஆயிரம் ரூபாய் மிச்சம். 9, 8 என்று விழுந்தால் அந்தக் கடைக்காரர் சொன்னது சரி. அதையும் ஒப்புக்கொள்வோம். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் குற்றம் பேட்டரியில் இல்லை, சார்ஜ் கொடுக்கும் வண்டிப் பகுதியில் இருக்கிறது.

இப்போது எல்லோரும் வெளியே வாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். சாவி என்னிடம் இருக்கிறது. அக்கா, வளையலைக் கழற்றி மகனிடம் கொடுங்கள். இந்தாருங்கள் ஸ்பேனர். குறியைப் பாருங்கள். எந்த முனை முதலில்?

ஆமாம், அதுதான். இடது பக்கமாகத் திருகுங்கள்.